இரண்டு சுற்று

கிச்சிப்பாளையத்துக் கடைக்கோடி மேட்டுக்குத் தண்ணீர் ஏற
பதினாறு சுற்று வேண்டும்.
குறைந்தால் காற்றுதான் வரும்,
சாரைப்பாம்பு போலச் சீறும் குழாய்.
இதை எனக்குச் சொல்லித்தந்தது பொறியாளர் இல்லை,
அர்த்தநாரி.

அப்போது அவர் ஒன்றுமில்லை.
லீ பஜாரில் மஞ்சள் மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறவர்.
விடிகாலை மூன்று மணிக்கு
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.
"ஏனுங்க, பதினாலோட நிறுத்திட்டீங்க?
இன்னும் ரெண்டு போடுங்க. பொம்பளைங்க முழிச்சிருக்காங்க."
டார்ச்சைப் பள்ளத்துக்குள் அடித்துப் பிடித்தார்.
போட்டேன்.
மேட்டில் எங்கோ ஒரு பிளாஸ்டிக் குடம்
நிறைய நிறையக் குரல் மாறியது.
அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த வருஷம் வார்டுக்குச் சுயேச்சை.
சின்னம் சீப்பு.
வழுக்கைத் தலைக்குச் சீப்பா என்று
சிரித்துக்கொண்டே குத்தினார்கள்.
முப்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார்.
மூன்றாம் மாதம் ஒரு கட்சியில் சேர்ந்தார்;
எதற்கு என்பது வேட்டிக் கரைக்கு மட்டும் தெரியும்.

நல்லதும் செய்தார், சொல்லாவிட்டால் பாவம்.
சாக்கடை அடைத்தால் இறங்கி நிற்பார்.
இறப்புச் சான்றிதழில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக
ரோஷன்பீ மகனைக் கூட்டிக்கொண்டு
மாநகராட்சிப் படிகளை ஏழு தடவை ஏறினார்.
என் சம்பளம் நாலு மாதம் நின்றபோது
ஒப்பந்ததாரர் வீட்டு வாசலில்
தட்டுவடை செட்டு வாங்கித் தின்றபடி
ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்திருந்தார்.
சத்தம் போடவில்லை. சம்பளம் வந்தது.

அப்புறம் மண்டலத் தலைவர்.
அப்புறம் ஐந்து ரோட்டிலிருந்து நாலு ரோடு வரைக்கும்
சுவர் தெரியாமல் அவர் முகம்.
போஸ்டரில் தலைமுடி இருந்தது.

எம்.எல்.ஏ. ஆனபின் சட்டசபையில்
முதல் பேச்சு மூன்று நிமிஷம்.
பாதாளச் சாக்கடை கேட்டார்.
நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்றார்கள்.
அந்தப் பேப்பர் துண்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது,
மடிப்பில் 'பரிசீலிக்க' மட்டும் தேய்ந்துபோய்.
அதற்குப் பிறகு நாலு வருஷம்
மேசையைத் தட்டுகிற கைகளில் ஒரு கை.

எருமாபாளையம் ரோட்டில் கல்யாண மண்டபம் எழும்பியது,
மருமகன் பேரில்.
போன் வந்தது. அவர் இல்லை, பி.ஏ.
"முகூர்த்தம் முடியறவரைக்கும்
மண்டபத்து லைனுக்கு ரெண்டு சுத்து கூட."
தொட்டி ஒன்றுதான்.
இங்கே ரெண்டு கூட்டினால்
எங்கே ரெண்டு குறையும் என்று
பி.ஏ.வுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும். திறந்தேன்.
முகூர்த்தம் முடிந்தது, ஆடி வந்தது, ஆவணியும் வந்தது.
வேண்டாம் என்று யாரும் போன் பண்ணவில்லை.

மேட்டுப் பெண்கள் என்னைத் திட்டுவதில்லை.
"அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கோம்" என்கிறார்கள்.
அண்ணன் நம்பர் எல்லோர் போனிலும் இருக்கிறது.
அது இப்போது பி.ஏ. சட்டைப்பையில் அடிக்கும் நம்பர்.

நேற்று ராத்திரி இரண்டேமுக்கால்.
பள்ளத்தில் இறங்கிச் சாவியை மாட்டியிருந்தேன்.
புது நம்பர். குரல் பழசு.
"நாந்தான். மெட்ராஸ்ல, ஹாஸ்டல்ல இருக்கேன்.
குழாய் சொட்டுது. ராவெல்லாம் தூக்கம் இல்ல.
எப்படி மூடறதுன்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியல."
கொஞ்சம் நிறுத்தி,
"மேட்டுல ஏறிருச்சுங்களா?"

"ஏறிருச்சுங்க" என்றேன்.
சாவி பதினாலில் நின்றது.

அந்த நேரம் பார்த்து
கடைக்கோடியில் யாரோ குழாயைத் திறந்தார்கள்.

"என்ன சத்தம் அது?"

நான் பேசவில்லை.
அவருக்குத் தெரியாத சத்தமா.

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
அங்கே சொட்டு, இங்கே சீறல்.
இடையில் இரும்புச் சாவி,
கையெடுத்தால் சாய்ந்துவிடும் என்பதால்
பிடித்துக்கொண்டே நிற்கிறேன்.